முதலிடம் யாருக்கு?

எங்கள் ஊருக்குப் பெயர் காவேரிப்பட்டினம். ஊரையொட்டி ஓடுவதோ காவிரி அன்று, தென்பெண்ணை! பெயரை மட்டும் நம்பிக் காவிரியில் நீராடலாம் என்று எவரேனும் வந்தால், கிருஷ்ணகிரி அணையைக் கடந்து வரும் பெண்ணையாற்றைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சிலப்பதிகாரத்துக் காவிரிப்பூம்பட்டினத்தையும் எங்கள் ஊரையும் ஒன்றாக்கி விடைத்தாளில் எழுதிவைக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் திருத்தி வருகிறேன். பெயர் ஒன்று, பொருள் வேறு என்பதை உணர்த்த இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதே பாடத்தை அண்மையில் வேறொன்றைப்பற்றி நடத்த நேர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் இலக்கணம் முடிந்து, மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. இப்போது வந்துள்ள பாட்டுகளில் எது சிறந்தது என்று கேட்டேன். தொகைநிலைத் தொடரைக் கேட்டபோது எழாத கைகளெல்லாம் எழுந்தன! ஒரு மாணவன் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னான். ஏன் என்றேன். "அதுதான் சார், முதலிடத்தில் இருக்கிறது. பத்துக் கோடிப் பேர் பார்த்திருக்கிறார்கள்" என்றான்.

பத்துக் கோடிப் பேர்! 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள் தொகையே 7 கோடியே 21 இலட்சம்தான். தொட்டில் குழந்தை முதல் தொண்ணூறு வயதுப் பாட்டி வரை அத்தனை பேரும் கண் கொட்டாது பார்த்திருந்தாலும் பத்துக் கோடி ஆகாதே என்றேன். வகுப்பு சிரித்தது. "ஒருவரே பலமுறை பார்த்திருப்பார்கள் சார்" என்றாள் பின்வரிசை மாணவி ஒருத்தி. "அப்படியானால் அது பேர்களின் எண்ணிக்கையா, முறைகளின் எண்ணிக்கையா?" என்றேன். மணியடித்துவிட்டது. வினா மட்டும் என்னோடு வீடு வரை வந்தது.

தோழர்களே! கூட்டம் கூடுகிறது, ஆகவே அந்தச் சாமிக்குச் சக்தி இருக்கிறது என்பாரைக் கண்டால் நாம் சும்மா விடுகிறோமா? கூட்டம் கூடுவதற்கும் சக்திக்கும் என்ன தொடர்பு, திருவிழாவிற்கு விளம்பரம் செய்தவர் யார், உண்டியல் யார் கையில் என்று அடுக்கடுக்காகக் கேட்கிறோம். அவ்வாறு கேட்டுப் பழகிய நாமே, பார்வை கூடுகிறது, ஆகவே பாட்டுக்குச் சிறப்பு இருக்கிறது என்று ஒருவன் சொல்லும்போது மட்டும் வாய்மூடி ஏற்றுக்கொள்வது எந்த வகைப் பகுத்தறிவு?

அந்த எண்ணிக்கை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்றே பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த இந்திப் பாட்டு ஒன்று ஒரே நாளில் ஏழரைக் கோடிப் பார்வை பெற்றது என்று பறைசாற்றப்பட்டது. உலக சாதனை என்றனர்! பிறகு தெரிந்தது, பணம் கொடுத்துப் போடப்பட்ட விளம்பரத்தின் வழியாக வந்த பார்வைகளும் அந்தக் கணக்கில் அடங்கும் என்பது. அந்த ஆண்டு செப்டம்பரில் யூடியூப் நிறுவனமே தன் இசைப் பட்டியலுக்கும் சாதனைக் கணக்குக்கும் விளம்பரப் பார்வைகளை இனிச் சேர்ப்பதில்லை என்று அறிவித்தது. பட்டியலை வெளியிடுபவர்களே அதன் ஓட்டையை ஒப்புக்கொண்டு அடைக்க முற்படும்போது, அதை வேதமென்று ஓதிக்கொண்டிருக்க நமக்கென்ன வந்தது?

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை முப்பது நொடி கேட்டாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. பல்லவி வருமுன்னே கணக்கு முடிந்துவிடுகிறது! ஆகவே, முதல் சில நொடிகளிலேயே காதைப் பிடித்து இழுக்கும் தந்திரத்தை இசையமைப்போர் தேடுவதில் வியப்பில்லை. அதே நிறுவனம் 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்குக் காசு இல்லை என்று விதி செய்துவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூரில் கடன் வாங்கி ஒரு பாட்டைப் பதிவு செய்து ஏற்றும் இளைஞன், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது முறை கேட்கப்பட்டாலும் அவனுக்குப் பைசா கிடையாது. பட்டியல், உள்ளவனை மேலும் உயர்த்தும் ஏணி. இல்லாதவனுக்கு அதன் முதற்படியே எட்டாது.

எண்ணிக்கையே பொய் என்று நான் கூறவில்லை. எத்தனை முறை ஒலித்தது என்பதை அது சொல்லும். என்ன ஒலித்தது, அதனால் யார் உயர்ந்தார், யார் இழிவுபட்டார் என்பதைச் சொல்லும் வேலை அதனுடையதன்று. அந்த வேலை நம்முடையது.

ஆனால், அந்த வேலையைச் செய்யப் புகும்போது மற்றொரு பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழும். "ராப்பாவது, பாப்பாவது! எல்லாம் மேனாட்டுக் குப்பை! இதற்கெல்லாம் விமரிசனம் ஒரு கேடா?" என்பர் கற்றறிந்தார் சிலர். அவர்களுக்கும் விடை சொல்லவேண்டும்.

1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்பில் நடந்த விருந்தில், கூல் ஹெர்க் என்ற கருப்பின இளைஞர் இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழலவிட்டதை ஹிப்-ஹாப் இசையின் பிறந்த நாளாகக் கொண்டாடுகின்றனர். ஏழைகள் வாழ்ந்த, நகராட்சி கைவிட்ட பகுதி அது. அங்கே பிறந்த சொல்லிசை, 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரின் 'தி மெசேஜ்' பாட்டில் சேரி வாழ்வின் நெருக்கடியை உலகுக்குச் சொன்னது. 2018-இல் கென்ட்ரிக் லாமார் என்ற சொல்லிசைக் கலைஞருக்கு, அதுவரை செவ்வியல் இசையோருக்கும் ஜாஸ் இசையோருக்கும் மட்டுமே வழங்கப்பட்ட புலிட்சர் இசைப் பரிசு கிடைத்தது. இத்தனைக்கும் பின்னர் இதைக் குப்பை என்று கூறுவது, குப்பையில் தள்ளப்பட்டோரைப் பார்த்துக் கூறுவதேயன்றி வேறில்லை.

நம் நாட்டிலும் இந்தக் குரல் புதிதன்று. கச்சேரி மேடைக்குத் தமிழ் ஏற்ற மொழியா என்று கேட்டவர் இருந்த காரணத்தால்தானே 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றவேண்டியதாயிற்று? அன்று தமிழே ஆகாது என்றனர். இன்று, தமிழ் ஆகலாம், தெருத் தமிழ் ஆகாது என்கின்றனர். ஆட்கள் மாறினர், மனப்பான்மை மாறவில்லை.

தமிழ்ச் சொல்லிசை கடல் கடந்து வளர்ந்தது. 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்திரா குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு, நம் மொழியின் வல்லின மெல்லினங்கள் இந்த இசைக்கு எத்துணைப் பொருத்தம் என்பதைக் காட்டியது. எதுகையும் மோனையும் நமக்கு யாரும் இறக்குமதி செய்து தரவேண்டிய சரக்கா? 2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறியபோது, வடசென்னைக் கானாவும் சொல்லிசையும் பறையும் ஒன்றாக ஒலித்தன. சாவு வீட்டுப் பாட்டென்று ஒதுக்கப்பட்ட கானா, சாதி ஒழிப்புப் பாட்டாக நிமிர்ந்தது. ஆண்களே ஆண்டுவந்த அந்தக் கானாவில் பெண் குரலாக எழுந்த இசைவாணி, 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம் பெற்றார். பட்டியலிலும் பயனுள்ள பட்டியல் உண்டு என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

ஆகவே, வடிவத்தின்மீது நமக்குப் பகையில்லை. பாட்டைத்தான் எடைபோட வேண்டும்.

2011-இல் இணையத்தில் பரவி ஹிப்ஹாப் தமிழா ஆதியின் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது 'கிளப்புல மப்புல'. தாளம் துள்ளுகிறது, சொல் தடையின்றிப் பாய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டின் கை யாரை நோக்கி நீள்கிறது? மதுக்கூடத்துக்குச் செல்லும் பெண்ணை நோக்கி! அங்கே அவளுக்கு முன்பே சென்று அமர்ந்திருக்கும் ஆணை அது கண்டதாகவே தெரியவில்லை. குடி தீது என்றால் இருவருக்கும் தீது. பண்பாட்டைக் காக்கும் பொறுப்பைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிவைப்பது மனுவின் வேலை. ஆடை புதியது, கருவி புதியது, கணினி புதியது. கருத்து மட்டும் பழைய திண்ணைப் பேச்சு! அந்தப் பாட்டைப் பாடியவர் அன்று இளைஞர். வயதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அதைப் பாடித் திரிந்த பள்ளிப் பையன்கள் பக்கத்துப் பெஞ்சு மாணவியை எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்பதை ஓர் ஆசிரியன் மறக்க முடியாது.

அண்மையில் பட்டியல்களின் உச்சியில் அமர்ந்தவை சாய் அபயங்கரின் 'கட்சி சேர', 'ஆச கூட' என்னும் காதல் பாட்டுகள். இரண்டும் 2024-இல் வந்தவை; திரைப்படத்தின் தோள்மீது ஏறாமல் தனித்து நின்றே கோடிக்கணக்கான பார்வைகளைப் பெற்றவை. இது சிறிய செய்தியன்று. பெரிய நடிகரின் முகமின்றித் தமிழ்ப் பாட்டு வாழாது என்ற நினைப்பைத் தகர்த்தன. மெட்டு இனிது, குரலில் இளமை இருக்கிறது, யாரையும் இழிவு செய்யும் எண்ணம் அவற்றில் இல்லை. ஓசூர்த் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்பும் பெண்கள் இதைக் கேட்டுத் தலையசைக்கக் கண்டிருக்கிறேன். அந்தத் தலையசைப்பைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. இன்பமே பாவம் என்று சொல்வது மடாதிபதிகளின் வேலை; நம் வேலையன்று. என் குறை வேறு. மெட்டை நீக்கிவிட்டுச் சொல்லை மட்டும் தாளில் எழுதிப் பார்த்தால், கையில் மிஞ்சுவது குறைவு. அந்தக் காதலிக்கு ஊர் எது, வேலை எது, அவள் என்ன நினைக்கிறாள் என்பதற்கு இடமில்லை. கொஞ்சுவதற்குரியவளாக இருக்கிறாள், பேசுவதற்குரியவளாக இன்னும் ஆகவில்லை. நல்ல மெட்டுக்கு நல்ல சொல் வாய்க்கும் நாளை எதிர்பார்க்கிறேன்.

இனி, 2021 மார்ச் 7-ஆம் நாள் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணனின் இசையில், அறிவும் தீயும் பாடியது. நாற்பது கோடிப் பார்வைகளைத் தாண்டிய பாட்டு. இங்கேதான் என் மாணவனின் அளவுகோலும் என் அளவுகோலும் ஓரிடத்தில் சந்திக்கின்றன! ஒப்பாரியின் ஓசையை ஆட்டத்தின் தாளத்தோடு இணைத்து, துயரத்தையே நடனமாடச் செய்த அருமை அதில் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தாயகம் திரும்பி, கைப்பிடி மண்ணும் உரிமையின்றி நின்ற தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து பாட்டு பிறந்ததாக அறிவு கூறியிருக்கிறார். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கை, இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரைக் கேட்காமலேயே அவர்களைப் பங்கு பிரித்தது. வரலாற்று நூலில் ஒரு பத்தியாகக் கிடந்த அந்தக் கொடுமை, நாற்பது கோடி முறை ஒலித்தது என்றால், அந்த எண்ணிக்கைக்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனால், பாடுபட்டவன் பெயர் பயிரின்மேல் இருந்ததா? 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா ஏட்டின் அட்டையில் தீயும் வேறொரு கலைஞரும் இருந்தனர், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே இணைய அட்டை ஒன்றில் அவர் இடம் பெற்றார். 2022 ஜூலை 28-இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. தம் உழைப்பை அவர் எடுத்துரைத்தார்; மூவரின் கூட்டு முயற்சி என்று இசையமைப்பாளர் விளக்கினார். யார் எவ்வளவு செய்தார் என்று அளக்கும் துலாக்கோல் என்னிடம் இல்லை. ஆயினும் 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டால் தமக்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார்; வெளியிட்ட நிறுவனத்தார் தம் பக்கத்து விளக்கத்தைத் தந்தனர். நிலமற்றவரின் பாட்டைப் படைத்தவர்களே தம் விளைச்சலின் கணக்கைக் கேட்டு நிற்கும் காட்சியைப் பாருங்கள்! நாற்பது கோடி என்னும் எண், பாடியவரின் அடுப்பு எரிந்ததா என்பதைச் சொல்லவில்லை.

குறைந்த எண்ணிக்கையில் நிறைந்த பயன் தந்த பாட்டும் உண்டு. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவால் எழுந்த எதிர்ப்பின் பின்னர் 2001-இல் மூடப்பட்டது. தொழிலாளர் இழப்பீடு கேட்டுப் போராடியது பதினைந்து ஆண்டுகள். 2015 ஜூலையில் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரப் அதைச் சொல்லிசையாகப் பாடினார். இரவல் மெட்டு, பெரும்பகுதி ஆங்கிலம், பார்வை இலட்சக் கணக்கில்தான், கோடிக் கணக்கில் அன்று. ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு மட்டுமே வென்றது என்று கூறினால் பதினைந்தாண்டுப் போராட்டத்தை இழிவுபடுத்தியதாகும். போராடியவர் தொண்டைக்கு அது ஒலிபெருக்கி ஆயிற்று; அதுவே பெருமை.

இதைச் சொன்னதும், கருத்து நல்லதாயிருந்தால் பாட்டும் நல்லதுதானே என்று தோழர் சிலர் துள்ளி எழக்கூடும். பொறுங்கள்! புரட்சி, எழுச்சி, உரிமை, விடியல் என்று சொற்களை வரிசையாக நிறுத்திவைத்து, நடுவே ஒரு முரசை அடித்துவிட்டால் பாட்டாகிவிடாது. அத்தகைய பாட்டுகளையும் நம் கூட்ட மேடைகளில் கேட்டு, கடமைக்குக் கைதட்டியிருக்கிறோம். ஒரு பாட்டியின் பெயரைச் சொல்லி நம்மைக் கலங்கவைக்கும் பாட்டுக்கும், மனித குலத்தையே அழைத்து ஒருவரையும் அசைக்காத பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். நம் பக்கத்தார் என்பதற்காகத் தள்ளுபடி கொடுத்தால், அதுவும் ஒரு வகைச் சாதிப்பற்றே.

சாதி என்றவுடன், எந்தப் பட்டியலிலும் காணாத, எல்லாப் பேருந்திலும் கேட்கும் பாட்டுகளைப்பற்றிப் பேசாதிருக்க முடியவில்லை. மீசை முறுக்கு, வீச்சரிவாள், ஆண்ட பரம்பரை என்று தத்தம் சாதியின் பெருமையைச் சொல்லிசையாக்கி ஊருக்கு ஊர் வெளியிடுகின்றனர். வடிவம் அடிமைப்பட்டோர் தந்தது. அதில் ஊற்றப்படுவதோ அடிமைப்படுத்தியோர் நஞ்சு! 2018 நவம்பரில், சாதி மாறி மணந்துகொண்ட ஓசூர்ப் பகுதி இணையர் கொல்லப்பட்டு, கருநாடகத்தில் காவிரியாற்றில் வீசப்பட்டனர். பெயரில் காவிரியைத் தாங்கி நிற்கும் ஊரில் இருந்துகொண்டு, அந்த நாளை நான் எப்படி மறப்பேன்? பாட்டுதான் கொன்றது என்று கூறவில்லை. கொல்லும் கைக்குக் கூச்சமில்லாமல் செய்வதில் இத்தகைய பாட்டுக்குப் பங்கில்லையா என்று கேட்கிறேன். நாங்குநேரியில் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட 2023-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, மாணவர் கையிலுள்ள சாதிக் கயிற்றை அகற்றச் சொன்னது. கையில் கட்டிய கயிற்றை அறுத்துவிடலாம். காதில் கட்டிய கயிற்றை யார் அறுப்பது?

இது எனக்கு ஏட்டு வினாவாக நிற்கவில்லை. ஆண்டு விழா வந்தது. எந்தப் பாட்டை மேடையேற்றுவது என்று பேச அமர்ந்தோம். பட்டியலின் முதற் பாட்டு என்றார் ஒருவர். இந்தக் கூத்தே வேண்டாம், பரதம் போதும் என்றார் மற்றொருவர். இதற்கிடையே, ஊர்ப் பெரியவர் சிலர் விரும்புவதாகச் சொல்லி, ஒரு சாதிப் பெருமைப் பாட்டும் மெல்ல உள்ளே நுழையப் பார்த்தது! நான் மறுத்தேன். "சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் இவ்வளவு பொருள் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டனர். சின்னப் பிள்ளைகள் என்பதனால்தான் பார்க்கவேண்டும் என்றேன். பணியில் இளையவன் நான். அந்தச் சொல்லுக்குப்பின் சிலர் என்னோடு தேநீர் அருந்துவதை நிறுத்திக்கொண்டனர்.

அந்த வாரம், அன்று பின்வரிசையிலிருந்து மறுமொழி சொன்ன மாணவி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். மாம்பழப் பருவத்தில் கூழ்த் தொழிற்சாலைக்கு விடியுமுன் வேனேறிச் செல்லும் தன் தாயைப்பற்றி அவளே கட்டிய சொல்லிசை. பழம் அரிந்து அரிந்து பால் பட்டுப் புண்ணான விரல்கள் அதில் இருந்தன. ஆயிரம் பழம் அரிந்தவள் வீட்டுக்கு ஒரு பழமும் வராத செய்தி இருந்தது. இரண்டோரிடத்தில் எதுகை தடுக்கியது. திருத்தச் சொன்னேன், அவளே திருத்தினாள். "யார் சார் இதைப் பார்ப்பார்கள்?" என்று மட்டும் கேட்டாள். பட்டியல் அவள் நெஞ்சில் விதைத்த கேள்வி அது!

சாதிப் பாட்டு மேடையேறவில்லை. பட்டியலின் முதற் பாட்டுக்கு மாணவர் ஆடினர், நன்றாகவே ஆடினர். அதன் பிறகு அவள் பாடினாள், மேசையைத் தட்டித் தாளம் கொடுத்தான் முதலிடத்தைப் பற்றிப் பேசிய அதே மாணவன். முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். மூன்றாம் வரிசையில் வேலை உடையோடு வந்து நின்ற அவள் தாய், விரல்களை முந்தானையில் மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பாட்டு முடிந்தபோது கைதட்டுவதற்காக அந்த விரல்கள் வெளியே வந்தன.

தோழர்களே! ஊர்தோறும் நமக்குப் படிப்பகங்கள் இருக்கின்றன, மன்றங்கள் இருக்கின்றன. நாளேடு படித்து அரசியல் பேசுகிறோம். மாதம் ஒரு மாலை, புதிதாய் வந்த மூன்று பாட்டுகளை ஒலிக்கச் செய்து உட்கார்ந்து பேசுங்கள். சொல்லில் உண்மை இருக்கிறதா? யாரையேனும் மிதித்துக்கொண்டு நிற்கிறதா? பாடியவனுக்குப் பயன் போய்ச் சேருகிறதா? இவற்றைக் கேட்டுவிட்டு, இனிமையாயிருந்தால் எழுந்து ஆடவும் செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பெண்ணோ பையனோ கட்டிய பாட்டு ஒன்றை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவியின் பாட்டு ஆயிரம் முறை கேட்கப்படவில்லை. ஆகவே எந்தப் பட்டியலிலும் அது இல்லை. எங்கள் ஒன்பதாம் வகுப்பின் கரும்பலகையில், அடுத்த நாட்காலை, யாரோ அதன் பெயரை எழுதி, எதிரே "1" என்று போட்டிருந்தார்கள். பாடம் தொடங்க வேண்டியிருந்தது. ஆயினும் அன்று முழுவதும் நான் அதை அழிக்கவில்லை.